உடம்பால் வாசிக்க: கேமராவா, கையுறையா, தசையா, மூளையா?

லேப்டாப்புக்குப் பின்னால் நின்று வாசிக்கும் எலக்ட்ரானிக் இசைக்காரரைப் பார்த்து, "அவர் வாசிக்கிறாரா, மெயில் பார்க்கிறாரா?" என்று கேட்பது பழைய கிண்டல். போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் அந்தக் கிண்டலைத் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தான். அவனிடம் இருந்தவை ஒரு லேப்டாப், இரண்டு உள்ளீடு கொண்ட ஒலி அட்டை, பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் ஓரளவு அறிவு, செலவழிக்க 15,000 ரூபாய். மூன்று மாதத்தில் 20 நிமிட நிகழ்ச்சி ஒன்று செய்ய வேண்டும்.

"அண்ணா, கையை அசைச்சா சத்தம் வரணும். எதை வாங்கட்டும்?"

"அசைச்சா மட்டும் வரணுமா, அசைக்காம இறுக்கிப் பிடிச்சாலும் வரணுமா?"

கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். ஆனால் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதே இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சென்சார்களை ஒப்பிட உட்கார்ந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் எண்களுக்குத்தான் போகும். நொடிக்கு எத்தனை அளவீடு, எத்தனை அச்சு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று பட்டியல் போடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பயன்படாத சென்சார்களால் ஓர் அலமாரித் தட்டு நிறைந்தது. இப்போதெல்லாம் வேறொன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்: வாசிக்கும்போது உடம்புக்கு எதிர்ப்பு எங்கிருந்து கிடைக்கிறது? வீணையில் கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால், தந்தியும் விரலைத் தன் பக்கம் இழுக்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று காதுக்கு எட்டும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். காற்றில் கையை வீசுகிறவருக்கு அந்தத் துணை கிடையாது. கீழே வரும் நான்கு வழிகளையும் இந்த ஒரே கல்லில் உரசிப் பார்க்கிறேன்.

கேமராவில் தொடங்கலாம், அதற்குத்தான் செலவே இல்லை. லேப்டாப்பின் வெப்கேமும் கூகுள் இலவசமாகத் தரும் மீடியாபைப் மென்பொருளும் போதும். ஒரு கைக்கு 21 புள்ளிகள், முழு உடம்புக்கு 33 புள்ளிகள் என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அவற்றை ஓஎஸ்சி என்ற செய்தி முறை வழியாகப் பியூர் டேட்டாவுக்கோ, அதைப் போன்ற சூப்பர்கொலைடருக்கோ அனுப்பினால் ஒரே மாலையில் சத்தம் வந்துவிடும். உடம்பில் எதையும் ஒட்ட வேண்டாம், வியர்வையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கனடாக்காரரான டேவிட் ரோக்பி 1980களிலேயே கேமராவையும் கணினியையும் சின்தசைசரையும் இணைத்து இதைச் செய்தார். 'வெரி நெர்வஸ் சிஸ்டம்' என்ற அந்த அமைப்பு 1986இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உள்ளே வருகிறவர் கையைத் தூக்கினால் ஒலி, நின்றால் அமைதி. வந்தவர்தான் வாசிப்பவர்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சாதாரண வெப்கேம் நொடிக்கு 30 படம் எடுக்கும். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லிநொடி. படத்தை அலசும் நேரமும் ஒலி அட்டையின் தாமதமும் அதன் மேல் சேரும். டேவிட் வெசல், மேத்யூ ரைட் என்ற கணினி இசை ஆய்வாளர்கள் 2002இல் எழுதிய கட்டுரையில், கணினி வாத்தியத்தின் தாமதம் 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். ஸ்பீக்கர் அறையின் அந்தக் கோடியில் இருந்தால் எவ்வளவு பிந்துமோ அவ்வளவுதான். கேமரா வழியில் பிந்துவது அதைப்போலப் பல மடங்கு. தட்டியவுடன் விழ வேண்டிய தாளத்துக்கு ஆகாது. மெதுவாக வளர்ந்து மெதுவாகக் கரையும் ஒலிகளுக்குத் தாராளமாக ஆகும்.

இன்னொரு தொல்லை வெளிச்சம். ஒருமுறை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது விளக்குக்காரர் அழகுக்காக மேடையை அடர் சிவப்பாக்கினார். கணினிக்கு என் கை மறைந்துபோனது. கை இல்லை என்றால் ஒலியளவு பூஜ்யம் ஆக வேண்டும் என்று நான் எழுதி வைக்கவில்லை. கடைசியாக இருந்த மதிப்பிலேயே நின்று, ஒரு நிமிடம் அலறியது. அது சோதனை இசையின் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

எதிர்ப்பு? துளியும் இல்லை. 'காற்றில் வாசிப்பதுதானே, எளிது' என்று நினைப்பவர்கள் தெரமினை நினைத்துக்கொள்ள வேண்டும். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரமின் உருவாக்கியது. தொடாமலே வாசிக்கும் வாத்தியம், இரண்டு ஆன்டெனா, ஒன்றுக்குச் சுருதி, மற்றதற்கு ஒலியளவு. அதைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய கிளாரா ராக்மோர் ஏற்கெனவே வயலினில் தேர்ந்தவர். விரல்களை எப்படி மடக்கி விரித்தால் எந்தச் சுரம் என்று தானே ஒரு முறை வகுத்துக்கொண்டார். உடம்பு லேசாக ஆடினாலே சுருதி நகரும் என்பதால் சிலை போல நின்று வாசிப்பார். அந்த வாத்தியத்தில் தாமதம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது என்பதையும் கவனியுங்கள். கேமராவில் தெரமினின் கஷ்டம் முழுசாக இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை.

ஆனால் நடனக் கலைஞரோடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்குக் கேமராதான் என் முதல் பரிந்துரை. ஆட வேண்டியவர் மேல் கம்பியைச் சுற்றுவது பாவம். இங்கே 1965இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹமும் செய்த 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' உதவுகிறது. ராபர்ட் மூக் செய்துகொடுத்த ஆன்டெனாக்களை மேடையில் நட்டார்கள். ஒளியை உணரும் செல்களும் இருந்தன. ஆடுபவர்கள் அவற்றைக் கடக்கும்போதெல்லாம் ஒலி கிளம்பும். ஆனால் அந்த ஒலி நேரே அரங்குக்குப் போகவில்லை. மிக்ஸரில் உட்கார்ந்திருந்த இசைக்காரர்கள் எதை வெளியே விடுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்தார்கள். நடுவில் ஒரு மனிதர் இருந்தால் கேமராவின் பாதிக் குறைகள் வெளியே தெரியாது.

அடுத்தது கையில் அணிவது. இதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்டைம் என்ற இசைக்கூடத்தை நடத்திய மிஷெல் வைஸ்விஸ், 1984இல் 'தி ஹேண்ட்ஸ்' என்பதை மேடையேற்றினார். மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மிடி முறை வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரண்டு கையிலும் மாட்டிக்கொள்ளும் கட்டமைப்பு, அதில் விரலுக்கு எட்டும் பொத்தான்கள், சாய்வை உணரும் சுவிட்சுகள், இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க மீயொலி. 2008இல் இறக்கும்வரை அதன் பல வடிவங்களை வாசித்தார். எப்போதும் வன்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் வாசிக்கப் பழக முடியாது என்பதால், மாற்றாமல் நீண்ட காலம் வைத்துப் பழகுவதே அவர் வழி. என் அலமாரித் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

லெத்தீஷியா சொனாமி என்ற இசைக்கலைஞர் 1991இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர விழாவுக்காகச் செய்த முதல் கையுறை, பாத்திரம் கழுவும்போது போடும் ரப்பர் உறைதான். விரல் நுனிகளில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார்கள், மறுகையில் ஒரு காந்தம். அதிலிருந்து வளர்ந்த கையுறைகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாசித்தார். பிறகு வந்தவை இமோஜென் ஹீப்பின் மிமு கையுறைகள். விரல் வளைவு, கையின் திசை, மணிக்கட்டில் அதிரும் மோட்டார், வைஃபை எல்லாம் உண்டு. அவருக்கு அது பொருந்தியதற்குக் காரணம் அவர் பாடகி. பாடிக்கொண்டே தன் குரலைப் பிடித்து லூப்பாக்க, எதிரொலி சேர்க்க, கணினி இருக்கும் மேசைக்குப் போக வேண்டியதில்லை. விலையோ ஒரு ஜோடிக்கு ரூபாயில் லட்சங்கள். தம்பியின் பட்ஜெட்டில் ஒரு விரல்கூட வராது.

மலிவாகச் செய்ய வழி இருக்கிறது. உங்கள் பழைய போனை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். அசைவை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் கைரோவும் அதற்குள்ளேயே இருக்கின்றன, அந்த அளவீடுகளை ஓஎஸ்சியாக அனுப்பும் இலவச ஆப்புகளும் உண்டு. போன் கனமாகத் தோன்றினால் சென்னை ரிச்சி தெருவில் வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி32 பலகையும், அதே இரண்டு சென்சாரும் அடங்கிய ஓர் எம்பியூ-6050 சிப்பும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வேகமும் கேமராவைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் சில விஷயங்களைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். எம்பியூ-6050 எந்தப் பக்கம் கீழே என்பதை நன்றாகச் சொல்லும், எந்தப் பக்கம் வடக்கு என்பதைச் சொல்லாது. கைரோவின் சின்னப் பிழைகள் கூடிக்கூடி, பத்து நிமிடத்தில் உங்கள் 'நேர் எதிரே' மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்ந்திருக்கும். திசைகாட்டி சேர்ந்த சிப்பை வாங்கினால் சரியாகுமே என்றால், மேடையில் ஸ்பீக்கர் இருக்கிறது, ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. அதன் பக்கத்தில் போனால் சிப் காட்டும் வடக்கே மாறிவிடும். அதனால் சாய்வையும் அசைவின் வேகத்தையும் மட்டும் நம்பி வாத்தியத்தை அமைப்பது நல்லது. அப்புறம் வைஃபை. ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அரங்கில் நூறு பேர் நூறு போனோடு வந்து உட்கார்ந்ததும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடை ஆகிவிடும். ஈஎஸ்பி32க்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. இடுப்பிலிருந்து லேப்டாப் வரை ஐந்து மீட்டர் யூஎஸ்பி வயர் இழுத்து வாசிப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். கிதார்காரர்கள் காலங்காலமாக வயரோடுதான் நடமாடுகிறார்கள்.

விரலில் வளைவு சென்சார் வைப்பவர்களுக்கு: அது ஒடிவது எப்போதும் வயர் சேரும் அடிப்பகுதியில்தான். அங்கே வளையாதபடி கெட்டியாகக் கட்டுங்கள்.

எதிர்ப்பைப் பொறுத்தவரை கையுறை நடுவாந்தரம். காற்றில்தான் வீசுகிறோம், ஆனால் கைக்கு எடை இருக்கிறது, வேகமாகச் சுழற்றினால் நிறுத்தச் சிரமம் இருக்கிறது, பொத்தான் இருந்தால் விரலுக்குப் பிடி கிடைக்கிறது. பொத்தானை யாரும் மதிப்பதில்லை. 'இப்போது தொடங்கு', 'இப்போது நிறுத்து' என்று சந்தேகமில்லாமல் சொல்ல அதைவிட நல்ல சென்சாரை நான் பார்த்ததில்லை. வைஸ்விஸின் கைகளில் பொத்தான்கள் அடுக்கடுக்காக இருந்தது சும்மா இல்லை. சொனாமியின் அடுத்த வாத்தியம் இன்னும் சுவாரசியமானது. இத்தனை ஆண்டு கையுறைக்குப் பிறகு அவர் செய்தது, உலோக வளையத்தில் மெல்லிய ஸ்பிரிங்குகளைக் கட்டிய 'ஸ்பிரிங் ஸ்பையர்'. தொட வேண்டும், இழுக்க வேண்டும், ஸ்பிரிங் திருப்பி இழுக்கும். அவர் மனதில் என்ன காரணம் இருந்ததோ, எனக்கு அது வீணைத் தந்தியின் பக்கம் திரும்பி நடந்தது போலத்தான் படுகிறது.

இனி தசை. இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் தம்பியிடம் நான் கேட்ட கேள்வி இதைப் பற்றியதுதான்.

இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன் சேர்த்து ஒன்றையொன்று முழு பலத்தோடு தள்ளுங்கள். கை அசையாது. கேமராவுக்கு ஒன்றும் தெரியாது, முடுக்கமானிக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. ஆனால் தோள்வரை எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கிறது. பார்ப்பவருக்கும் அது தெரியும், கழுத்து நரம்பு புடைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்ப்பை வெளியே தேட வேண்டாம். ஒரு தசைக்கு இன்னொரு தசை எதிர்ப்பு. நான்கு வழிகளில் இது ஒன்றில்தான் தந்தி உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

தசையைக் கேட்க இரண்டு முறைகள். ஒன்று மின்சாரம், அதாவது இஎம்ஜி. நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று கட்டளை அனுப்பும்போது எழும் மின்னழுத்தத்தைத் தோலின் மேல் ஒட்டிய எலக்ட்ரோடு பிடிக்கும். மைக்ரோவோல்ட் கணக்கிலிருந்து சில மில்லிவோல்ட் வரைதான் இருக்கும். ஏறக்குறைய 20 முதல் 450 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். இசைக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அதாவ் தனாகா என்ற இசைக்கலைஞர். ஹியூ லஸ்டட், பென் நாப் இருவரும் உருவாக்கிய பயோமியூஸ் கருவியை 1990களின் தொடக்கத்திலிருந்தே கச்சேரியில் வாசித்தவர். முன்கையை மெல்ல முறுக்கி, விரல்களை ஏதோ கனமானதைப் பிசைவது போல மடக்கி அவர் வாசிப்பதைப் பார்த்தால், அங்கே இல்லாத ஒரு பொருள் இருப்பதாகவே தோன்றும்.

வீட்டில் செய்ய மையோவேர் போன்ற சிறு பலகைகள் கிடைக்கின்றன. எலக்ட்ரோடு, ஈசிஜி எடுக்க ஒட்டுவார்களே, அதே ஜெல் வட்டம்தான், மருந்துக்கடையில் கிடைக்கும். தோலை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, இரண்டைத் தசையின் நீளவாக்கில் ஒட்டி, மூன்றாவதை முழங்கை எலும்பு போலத் தசையில்லாத இடத்தில் ஒட்ட வேண்டும். சென்னை வெயிலில் இருபது நிமிடத்தில் ஒட்டு நழுவ ஆரம்பிக்கும், மேலே ஒரு துணிப்பட்டை கட்டிவிடுங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தசையின் அலைவரிசைக்கு நட்டநடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டினால் தசையின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும்.

முக்கியமான ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். எலக்ட்ரோடு உடம்பில் இருக்கும்போது சென்சாரும் அது இணைந்த லேப்டாப்பும் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜர் சொருகியிருக்கக் கூடாது. மேடையின் ஒலி மிக்ஸரோடு இணைவது தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இருக்கட்டும், அல்லது சென்சார் தனிப் பேட்டரியில் ஓடி வயர்லெஸ்ஸாக அனுப்பட்டும். வயர் வேண்டும் என்று மேலே சொன்னேனே, இங்கே மட்டும் வாபஸ்.

கடையில் முழுசாக வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மையோ என்ற கைப்பட்டை நினைவிருக்கலாம். எட்டு இஎம்ஜி சென்சார், நொடிக்கு 200 அளவீடு, 2013இல் அறிவிக்கப்பட்டபோது இசைக்காரர்கள் பாய்ந்து வாங்கினார்கள். 2018இல் விற்பனை நிறுத்தப்பட்டது. வீடியோ கேமுக்காக வந்த கினெக்ட் கேமராவுக்கும் அதே கதை, 2010இல் வந்து 2017இல் உற்பத்தி நின்றது. அவற்றை நம்பி வாத்தியம் செய்தவர்கள் இன்று பழைய சாமான் சந்தையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தவிலுக்குத் தோல் கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும், அப்படி.

இரண்டாவது முறை ஒலி. காதை விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு முஷ்டியை மடக்கிப் பாருங்கள். தூரத்தில் லாரி போவது போல ஓர் உறுமல் கேட்கும். அது தசை நார்கள் அதிரும் சத்தம். இத்தாலிய அறிவியலாளர் கிரிமால்டி 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். இந்த அதிர்வைப் பிடிப்பது எம்எம்ஜி. இஎம்ஜி தசைக்குப் போகும் உத்தரவைக் கேட்கிறது என்றால், எம்எம்ஜி தசை வேலை செய்யும் இரைச்சலைக் கேட்கிறது. மார்கோ டொன்னரும்மா என்ற இத்தாலியக் கலைஞர் 2011இல் எடின்பரோவில் இதற்காக எக்ஸ்த் சென்ஸ் என்ற கருவியைச் செய்து, அதன் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்தும் வைத்தார். அடுத்த ஆண்டு ஜார்ஜியா டெக்கின் கத்மன் வாத்தியப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. கருவி என்றதும் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சின்ன எலக்ட்ரெட் மைக். அதை ஒரு சிறு குழிக்குள் வைத்து, குழியின் வாய் தோலில் படும்படி, காற்று கசியாமல் பட்டையால் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இதுதான் பிடித்தது. கேமராவிலிருந்தும் கையுறையிலிருந்தும் வருபவை எண்கள். அந்த எண்ணை எந்த ஒலியோடு கட்டுவது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும், அப்படி யோசித்துக் கட்டியது பெரும்பாலும் ஒட்டவைத்தது போலவே தெரியும். எம்எம்ஜியில் வருவது ஒலியேதான். மைக்கை ஒலி அட்டையில் சொருகினால் பியூர் டேட்டாவுக்குள் உங்கள் புஜம் உறுமுகிறது. இறுக்கினால் பருக்கும், தளர்த்தினால் அடங்கும். நடுக்கம் வந்தால் ஒலியும் நடுங்கும், நீங்கள் எதையும் கட்டத் தேவையில்லை. அதையே ஃபில்டருக்கும் எதிரொலிக்கும் அனுப்பி விரித்துக்கொண்டு போகலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தசையின் சத்தம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே. சாதாரண ஸ்பீக்கர் அதை வெளியே விடாது. சுருதியை மேலே தூக்க வேண்டும், அல்லது அதன் ஏற்ற இறக்கத்தை வைத்து வேறொரு ஒலியை ஆட்ட வேண்டும். சில மலிவான ஒலி அட்டைகள் அடி அதிர்வெண்களை நுழைவாயிலிலேயே வெட்டிவிடும், வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் பெரிய சப்வூஃபர் இருந்தால் அது உங்கள் எலும்பையே ஆட்டும், மைக் அதையும் கேட்கும், சுற்றிச்சுற்றி ஊளையிடும். நடந்தாலோ குதித்தாலோ பட்டை உரசும் சத்தமும் வரும். ஆடுபவருக்கு ஏற்றதல்ல. ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ தன்னைத்தானே முறுக்கிக்கொள்பவருக்கு ஏற்றது.

மூளையைப் பற்றியும் தம்பி கேட்டான். எல்லோரும் கேட்பார்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எட்மண்ட் டேவன் என்ற இயற்பியலாளர் மூளை அலைகளை ஆராய்ந்துவந்தார், கருவியை லூசியருக்குத் தந்தார். 1965 மே மாதம் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து ரோஸ் கலைக்கூடத்தில் லூசியர் தலையில் எலக்ட்ரோடுகளோடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் எழும் ஆல்ஃபா அலை, நொடிக்கு 8 முதல் 13 தடவை. மனிதக் காதுக்கு எட்டாத அளவு மெதுவானது அது. எட்டவில்லை என்றால் என்ன, ஸ்பீக்கரின் கூம்பு ஆடுமே! ஸ்பீக்கர்களை முரசுகளோடும் காங்குகளோடும் ஒட்டி வைத்தார். கூம்பு ஆட, அவை அதிர்ந்தன. அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சுற்றி அறை முழுக்க மேளம். கண்ணைத் திறந்தாலோ, எதையாவது காட்சியாகக் கற்பனை செய்தாலோ அலை அடங்கிவிடும். முயன்றால் வராத வாத்தியம்!

எதிர்ப்பு என்ற என் உரைகல் இங்கே தலைகீழாகிவிடுகிறது. மற்றதிலெல்லாம் முயற்சி ஒலியாகிறது, இதில் முயற்சியை விடுவது ஒலியாகிறது. அந்த அமைதிதான் உங்கள் படைப்பின் கரு என்றால், மூளையைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். 'நான் நினைத்தால் சுரம் மாற வேண்டும்' என்பதற்காக என்றால் வேண்டவே வேண்டாம். மியூஸ் போன்ற தலைப்பட்டைகளில் சில எலக்ட்ரோடுகள்தான் இருக்கின்றன. தோல்மேல் கிடைக்கும் மூளை அலையோ சில பத்து மைக்ரோவோல்ட். பல்லைக் கடித்தாலோ கண்ணைச் சிமிட்டினாலோ எழும் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். மூளை இசை என்ற பெயரில் நடக்கும் சில நிகழ்ச்சிகளில் உண்மையில் வாசிப்பது நெற்றித் தசை. அதற்கு எதற்கு இவ்வளவு விலை, புஜமே இருக்கிறதே.

எதை எடுத்தாலும், சென்சாரை ஒலியோடு இணைக்கும் இடத்தில்தான் மாதங்கள் கரையும். கையை உயர்த்தினால் சுருதி உயரும், விலக்கினால் சத்தம் கூடும் என்று ஒன்றுக்கு ஒன்று கட்டினால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும், பார்ப்பவருக்கு இன்னும் சீக்கிரம். ஆண்டி ஹன்ட், மார்செலோ வாண்டர்லி முதலான ஆய்வாளர்கள் இதை வைத்துச் சோதனைகளே செய்தார்கள். பல உள்ளீடுகள் பின்னிக்கிடக்கும் இணைப்பு முதலில் சிரமமாக இருந்தாலும், வாசிப்பவர்களை நெடுநேரம் பிடித்து வைத்தது. வில்லைத் தொடர்ந்து இழுத்தால்தான் வயலினில் ஒலி நிற்காமல் வரும் என்பது போல, தொடர்ந்து அசைத்தால்தான் ஒலி உயிரோடு இருக்கும் என்று வைத்துப் பாருங்கள். போனைக் கட்டிய மணிக்கட்டுக்கே திடீரென்று ஒரு வேலை வந்துவிடும். கணக்குப் போட அலுப்பாக இருந்தால், ரெபெக்கா ஃபீப்ரிங்க் எழுதிய இலவச மென்பொருளான வெக்கினேட்டர் இருக்கிறது. 'இந்த நிலைக்கு இந்த ஒலி' என்று நாலைந்து உதாரணம் காட்டினால் நடுவில் உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்ளும். சொனாமி ஸ்பிரிங்குகளோடு பயன்படுத்துவதும் அதைத்தான்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? அவன் ஆடுபவன் இல்லை, கேமராவைத் தள்ளினேன். பாடவும் மாட்டான், கைகளுக்கு வேறு வேலையும் இல்லை, கையுறையின் பெரிய லாபம் அவனுக்குக் கிடைக்காது. அவன் இசை அடர்த்தியான, நீளமான, முனகும் வகை. அடுத்த நிகழ்ச்சி மூன்று மாதத்தில். ஆகவே எம்எம்ஜி. வலது முன்கையில் ஒரு மைக், இடது புஜத்தில் ஒரு மைக், ஒலி அட்டையின் இரண்டு உள்ளீடும் நிறைந்தது. ஒலியமைப்பை மாற்றக் காலடியில் ஒரு பொத்தான். எலக்ட்ரெட் மைக் ஒன்றுக்குச் சில பத்து ரூபாய்தான் என்பதால் நாலைந்து வாங்கச் சொன்னேன், குறைந்தது இரண்டு உடைவது நிச்சயம். மிச்சப் பணத்தைத் தொடாதே, முதல் மாதத்துக்குப் பிறகு என்ன குறைகிறது என்று உனக்கே தெரியும், அப்போது வாங்கு என்றேன். "இவ்வளவுதானா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனான். மின்னும் விளக்கு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பான்.

பத்து நாள் கழித்து இரவு பதினோரு மணிக்கு ஓர் ஒலிப்பதிவு அனுப்பினான். கூடவே ஒரு செய்தி: "அண்ணா, இடது கை மைக்ல ஏதோ கோளாறு. கையைத் தளர்த்தி சும்மா வெச்சிருந்தாலும் டொப், டொப்னு வந்துகிட்டே இருக்கு."

போட்டுக் கேட்டேன். ஒழுங்கான இடைவெளியில், மெத்தென்று ஒரு தட்டு. பட்டையைப் புஜத்தின் உட்பக்கமாகக் கட்டியிருக்கிறான், அங்கேதான் தமனி ஓடுகிறது. "கோளாறு இல்லடா, அது உன் நாடி" என்று பதில் போட்டேன்.

வெகு நேரம் தட்டச்சு செய்வதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது ஒரே வரி: "இதை ஃபில்டர் பண்ணி எடுத்துடவா, வெச்சுக்கவா?"